விழுந்தவனுக்காக மண்டியிட்டோம்

சலேலூ, உப்பொலுத் தீவு
ஆகஸ்ட் 29

எலிசாரா,

உன் உடல்நலத்தை இறைவன் காப்பாராக. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனெனில் இக்கடிதத்தில் நான் தயக்கமின்றி எழுதக்கூடிய வாக்கியம் இது ஒன்றுதான். இங்கு நாங்கள் இருக்கிறோம். உன் தாயின் சர்க்கரை மீண்டும் ஏறியிருக்கிறது, காலில் உள்ள புண் ஆறவில்லை, செவிலி சேப்பங்கிழங்கைக் குறைக்கச் சொன்னதற்கு உன் தாய், 'அப்போ கல்லைத் தின்னட்டுமா பொண்ணே' என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டாள். உன் தங்கை பெப்பேயின் குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டன, மாமனைப் போல எதைக் கண்டாலும் கடிக்கிறது என்கிறார்கள். சென்ற மாத மழையில் ஈரப்பலா மரத்தின் பெரிய கிளை முறிந்து சமையல் கொட்டகையின் கூரையைப் பிளந்தது, இன்னும் தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறது. தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கமாட்டாய், நாம் கடைசியாகப் பேசிய பிறகு நான்கு முறை அழைத்தேன், நான்கு முறையும் நீ துண்டித்தாய். பாதிரியாரின் தங்கை திங்களன்று பிரிஸ்பேனுக்குப் புறப்படுகிறாள், உன் காவல் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நின்று இதை உன் கையிலேயே கொடுப்பதாக வாக்களித்திருக்கிறாள், அவள் எடுத்த காரியத்தை விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இதில் ஒரு சொல் தவறென்றால் நீ திருத்தலாம். ஜூன் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் சார்ஜென்ட் மூலிபோலா காவல் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்திவிட்டு யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்தார். பேருந்து ஓட்டுநர் பெநியமினா ஒலிப்பானை அழுத்தினான், பிறகு சன்னலில் தலையை நீட்டி, 'ரோடு என்ன உங்க வீட்டு முற்றமா சார்ஜென்ட்? கொஞ்சம் ஓரமா போடுங்க, கறிமீன் நாறிப்போகுது' என்றான். பயணிகள் சிரித்தார்கள். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். அவனை இறக்கி நிலையத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே பணியில் இருந்தவர்கள் இருவர், சார்ஜென்ட்டும் நீயும். மறுநாள் காலை அவன் மருத்துவமனையில் இருந்தான், இடது கண் இனிப் பார்க்காது என்று மருத்துவர் சொன்னார். நிலையப் பதிவேட்டில் இரண்டு வரிகள் இருந்தன: கைதி காவலரைத் தாக்க முற்பட்டார், வண்டியிலிருந்து இறங்கும்போது தவறி விழுந்து காயமுற்றார். அந்த வரிகளை எழுதியது யாரென்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை சார்ஜென்ட் நம் வீட்டுக்கு வந்தார். தரையில் சம்மணமிட்டு, தலையைத் தாழ்த்தி, 'வாத்தியாரே, எங்க காவல்ல இருக்கும்போது விழுந்துட்டான், பொறுப்பு எங்களோடதுதான். எங்க குடும்பம் மன்னிப்பு கேட்டுப் பாய் போர்த்தி அவங்க வீட்டு முன்னாடி போய் உக்காருது. டூட்டில ரெண்டு பேர் இருந்ததால உங்க குடும்பமும் வந்தா மரியாதையா இருக்கும். பேசறதுக்கு உங்கள விட்டா இந்தக் கரையில யாரு இருக்கா?' என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். நிலையத்தில் ஆள் இல்லை, அவன் அங்கே பணியில் இருக்கட்டும் என்றார். இவ்வூரின் பேச்சாளர் பட்டத்தைச் சுமப்பவன் நான், வெலிங்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன், முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எந்த ஆவணத்தையும் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவன். அந்த நான், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. தானாகத் தவறி விழுந்தவனுக்காக நம் தீவில் எந்தக் குடும்பமும் மண்டியிட்டதில்லை. கொலைக்கு மண்டியிடுகிறோம், அடிக்கு மண்டியிடுகிறோம், ஒருவன் வீட்டுப் பெண்ணை இழிவுபடுத்தியதற்கு மண்டியிடுகிறோம். விழுந்ததற்கு எதற்கு மன்னிப்பு? என்னைப் புகழ்ந்தார், நான் எழுந்து போனேன்.

மறுநாள் விடியலில் பெநியமினாவின் வீட்டு முன் சரளைக் கற்கள் மீது இரு குடும்பங்களும் அமர்ந்தோம், உன் தாயின் தாய் பின்னிய மெல்லிய பாய் என் தலையையும் சார்ஜென்ட்டின் தலையையும் மூடியிருந்தது. அவருடைய மூச்சு என் காதில் கேட்டது, அழுதார், அந்த அழுகையை நான் நம்பினேன். பெநியமினாவின் தந்தை ஊயிலி வெளியே வந்தார், நெடுநேரம் நின்றார், பிறகு மன்னிப்பை ஏற்றதன் அடையாளமாகப் பாயைத் தன் கையால் எடுத்தார். நான் பேசினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சிறப்பாகப் பேசியதில்லை. கடலையும் கட்டுமரத்தையும் இரண்டு குடும்பங்களின் முன்னோர்களையும் அழைத்தேன், ஊயிலியின் கண்கள் கலங்கின, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஒரு வாரம் கழித்து நீ பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டாய், சார்ஜென்ட்டின் பரிந்துரையில், ஆறு மாதப் பயிற்சிக்கு. விமான நிலையத்தில் உன் கழுத்தில் மாலை போட்டவன் நான்தான்.

பிறகு ஒரு நாள், பள்ளி விட்ட நேரத்தில், பெநியமினாவின் மனைவி சினாதலா என் வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். என்னிடம் படித்தவள், எப்போதும் முதல் வரிசையில் அமர்ந்து என்னைக் கேள்வியால் துளைத்தவள். அன்று அவள் உட்காரவில்லை. 'பாயை எடுத்தது நாங்க வாத்தியாரே. ஆனா உள்ள இருக்கறது என் புருஷன்' என்றாள். எனக்குப் புரியவில்லை. 'குடும்பம் மன்னிப்ப ஏத்துக்கிச்சு, போலீஸ் மேல புகார் இல்லைன்னு எழுதி அந்த ஃபைல மூடிட்டாங்க. இவரு சார்ஜென்ட்ட அடிக்க வந்தாருன்னு போட்ட கேஸு மட்டும் அப்படியே நிக்குது. அந்த ஒரு பக்கத்த மட்டும் யாரும் மூடலை பாத்தீங்களா?' என்றாள். வழக்குத் தாள்களின் பிரதியை என் மேசையில் வைத்தாள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில், எழுத்துகளை இடப்புறம் சாய்த்து எழுதும் ஒரே காவலரின் கை. இதே மேசையில் அமர்ந்து நீ எழுதிப் பழகிய எழுத்து, எலிசாரா. அவளுக்கும் அது தெரிந்திருந்தது, அதனால்தான் என்னிடம் வந்திருந்தாள்.

அன்று மாலை உன்னை அழைத்தேன், அந்த ஒரு முறை எடுத்தாய். நீ சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். 'அப்பா, நான் தொடவே இல்லப்பா. அவர்தான் டார்ச்சால அடிச்சார், நான் கதவுகிட்டதான் நின்னேன். அப்புறம் எழுதுடான்னார், எழுதினேன். எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதுவாங்க. அதான் பாயை எடுத்தாச்சே, முடிஞ்சுபோச்சு இல்ல?' முடிந்துபோயிற்றா என்று நான் கேட்பதற்குள் அழைப்பு முடிந்துபோயிற்று. அதன் பிறகு நீ அனுப்பியது ஒரு புகைப்படம் மட்டும்தான், காவல் பணியில் நேர்மை என்ற பாடத்தில் முதலாவதாகத் தேறியதற்கான சான்றிதழோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். உன் தாய் அதைச் சட்டமிட்டு மாட்ட விரும்பினாள். நான் அனுமதிக்கவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. நீ பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, ஒரு ஞாயிறு மதிய விருந்தில், தாமதமாக வந்த ஒரு காவலருக்காகப் பதிவேட்டில் ஏழு மணியை ஆறு மணியாக்கியதை நடித்துக் காட்டினாய், எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். அன்றே தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு மணிநேரம் யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும். காவலன் பதிவேட்டில் எழுதுவதை இந்த நாடு உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. சிறையில் இருப்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் அதற்கு முன் அவன் சொல் நிற்பதில்லை. உங்களுக்குச் சீருடை கொடுத்திருப்பதன் பொருள் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பித்தான்களும் தொப்பியும். சார்ஜென்ட்டின் கை ஒருவனின் கண்ணை எடுத்தது. அவனுக்காகச் சொல்ல வேறு எவரும் இல்லாதபடி செய்தது உன் கை. இரண்டில் எது கொடியது என்று என்னைக் கேட்காதே, தந்தையாக இருந்துகொண்டு அதற்கு விடை சொல்ல எனக்குத் துணிவில்லை.

சென்ற ஞாயிறன்று சார்ஜென்ட் மீண்டும் வந்தார், ஒரு கூடை நிறையத் தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பிலைப் பொட்டலங்களோடு. உன் தாய் கோக்கோ கொடுத்தாள். 'பையன் அங்க குளிர்ல நடுங்கறானாமே வாத்தியாரே! திரும்பி வந்தா ரெண்டு பட்டை தோள்ல ஏறும். அதுக்கு ஊரு அமைதியா இருக்கணும், அவ்வளவுதான்' என்று சிரித்தார். தவறி விழுந்தவனுக்காக நீங்கள் ஏன் பாய்க்கடியில் அழுதீர்கள் என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்தார். 'அது மரியாதைக்கு' என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று, 'நீங்க பேசின பேச்சுலதானே அவங்க பாயை எடுத்தாங்க, மறந்துடாதீங்க' என்றார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் நான் தனியாக ஊயிலியின் வீட்டுக்குப் போனேன். அதே சரளைக் கற்கள், வேறு பாய். இம்முறை உனக்காகவும் என் பேச்சுக்காகவும் மண்டியிட்டேன். ஊயிலி வந்தார். அவர் காலடி என் முன் நிற்பதைப் பாயின் விளிம்பில் பார்த்தேன். 'எழுந்து போங்க வாத்தியாரே. அன்னிக்கு எடுத்த பாயே இன்னும் என் கையில கனக்குது. எழுதினவன் வந்து உக்காரட்டும், அப்போ பாக்கலாம்' என்றார். நான் எழவில்லை. வெயில் ஏறியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுக் கடந்து போனார்கள், பாய்க்குள் இருப்பது யாரென்று என் காலணியைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நண்பகலில் சினாதலா ஒரு குவளைத் தண்ணீரை என் முழங்காலருகே வைத்தாள், பாயைத் தொடவில்லை. அதைக் குடித்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தேன். ஏற்கப்படாமல் எழுந்து வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

பெநியமினாவின் வழக்கறிஞரைப் பார்த்தேன், உன் வயதுப் பெண், மேசை முழுதும் கோப்புகள். நீ தொலைபேசியில் சொன்னதை நான் நீதிமன்றத்தில் சொல்கிறேன் என்றேன். 'உங்க பையன் சொன்னதா நீங்க சொல்றது போதாதுங்க ஐயா. பாத்தவர் வந்து சொல்லணும். அந்த ரூம்ல இருந்தது மூணு பேர். ஒருத்தர் அடிச்சவர், ஒருத்தர் சொல்றத யாரும் நம்பல. மிச்சம் யாரு?' என்று கேட்டாள். செப்டம்பர் பதினான்காம் தேதி விசாரணை. தண்டனை வந்தால் அவன் சிறையில் கழிக்கப்போவது ஆண்டுகள், எலிசாரா, மாதங்கள் அல்ல. வெளியே வரும்போது ஒற்றைக் கண்ணனுக்கு யாரும் பேருந்து கொடுக்கமாட்டார்கள். அவன் பிள்ளைகள் இருவரும் என் பள்ளியில் படிக்கிறார்கள், நான் வகுப்புக்குள் நுழையும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அந்த வணக்கத்தை ஏற்க என்னால் முடியவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பதின்மூன்றாம் தேதி காலை இங்கு வந்திறங்கும் விமானத்தில் உன் பெயரில் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன், அதன் விவரமும் வழக்கறிஞரின் எண்ணும் இத்துடன் இருக்கின்றன. வந்து, பார்த்ததைச் சொல். வேலை போகும். பொய் எழுதியதற்கு உன் மீதும் வழக்கு வரலாம், வராது என்று உன்னை ஏமாற்றமாட்டேன். வந்தால் உன் பக்கத்தில் நான் நிற்பேன், சிறைக்குப் போனால் ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டோடு வருவேன். உன் தாய் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நேற்று, 'பெத்த பிள்ளைய நீங்களே காட்டிக் குடுப்பீங்களா? அவன் என்ன உங்க மாணவனா, தப்பு எழுதினா அடிச்சுத் திருத்த?' என்று கேட்டுவிட்டு அழுதாள். ஆனால் அவளிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். பதின்மூன்றாம் தேதி கடைசிப் பயணி வெளியே வரும்வரை விமான நிலையத்தில் நிற்பேன். நீ வராவிட்டால் மறுநாள் தனியாக நீதிமன்றத்துக்குப் போய், அந்த எழுத்து என் மகனுடையது என்றும், அன்று பாய்க்கடியில் நான் பேசியது பொய்யின் சார்பில் பேசிய பேச்சு என்றும் சொல்வேன். அது பெநியமினாவைக் காப்பாற்றாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாள். தெரிந்தேதான் போவேன்.

மாலை மணி அடிக்கிறது, ஊரெல்லாம் ஜெபத்துக்கு அமர்ந்துவிட்டது, இன்றும் உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவோம். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளைத் தருவாராக, அந்த ஆயுள் முழுவதும் கண்ணாடியில் உன் முகத்தைப் பார்க்கும் துணிவையும் தருவாராக. பதின்மூன்றாம் தேதி, காலை விமானம், மறந்துவிடாதே. உன் தாய் இதை முழுதும் படித்தாள். கீழே கையெழுத்திட மறுத்துவிட்டாள். உறையின் மேல் உன் பெயரையும் முகவரியையும் அவளே எழுதித் தந்தாள்.

உன் தந்தை,
அஸோமுவா