கடிக்குமாங்க என்று கேட்டவர்கள்

மார்ச் 3, ஞாயிறு

கறுப்பியை வளர்க்க ஒரு வீடு தேடுகிறேன்; இன்று பார்க்க வந்தவர் பச்சியப்பன். பென்னாகரம் பக்கம் தக்காளி போட்டிருக்கிறாராம். செருப்பைக் கழற்றுமுன்பே கேள்வி: "கடிக்குமாங்க?" வருகிறவர்கள் எல்லாருக்கும் இதே கேள்விதான். கடிக்காது என்றால் வேண்டாம். கடிக்கும் என்றால் சங்கிலி போட்டு மோட்டார் ரூமில் கட்டிவிடுவார்கள்.

பிறகு சோதனை. கல் எடுக்கிறவர் போலக் குனிந்தார். நாயோடு பழக இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வித்தை இதுதான். கறுப்பி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓடி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய், பல்லைக் காட்டி உறுமினாள்.

"பயந்தாங்கொள்ளி நாய்ங்க இது. காட்டுக் காவலுக்கு ஆவாதுங்க."

ஆறடி ஆள், முறுக்கின மீசை வேறு. பதினோரு கிலோ நாயிடம் வீரத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 4, திங்கள்

வீட்டு ஓனர் சந்திரமோகன் தபால் ஆபீசுக்கே வந்துவிட்டார். என் கவுண்டரில் வரிசை நிற்கிறது, அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறார்: "மாசக் கடைசி வரைக்கும்தான் மேடம். அப்புறம் தொப்பூர் கணவாய்ல வுட்டுட்டு வந்துருவேன். இந்த நாய்க் குலைப்பை யாரு தாங்கறது?"

அந்த லாரிகளுக்கு நடுவே அவள் ஒரு நாள் தாங்குவாளா? செவ்வாய்தோறும் அன்னதானம் போடுகிற புண்ணியவான் பேசுகிற பேச்சு.

மூன்று மாதத்துக்கு முன் பாலக்கோடு மார்க்கெட்டில் அழுகின தக்காளிக் குவியலோரம், கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்தாள். கம்பியை வெட்டின என்னைத்தான் முதலில் கடித்தாள். ஊசி போட்டுக்கொண்டேன். கடித்ததில் எனக்குக் கோபமே இல்லை. அந்தக் கம்பியைக் கட்டினவன் எங்கேயோ நிம்மதியாகச் சோறு தின்றுகொண்டிருப்பான், அதுதான்.

மார்ச் 10, ஞாயிறு

ஓசூரிலிருந்து காரில் கலைமதியும் புருஷனும். வாட்ஸப்பில் போட்டோ பார்த்தார்களாம். நாய்க்கு ரோஸ் கலரில் மெத்தை வாங்கி வந்திருந்தார்கள். கிட்டே போகாதீர்கள் என்று நாலு தடவை சொன்னேன். "எங்கிட்ட எல்லா நாயும் ஒட்டிக்கும்ங்க" என்று குனிந்து கையை நீட்டினாள். துப்பட்டா கிழிந்தது.

"வேற நாய் இருக்குங்களா?"

புடவைக் கடையில் வேறு கலர் கேட்கிற அதே குரல். இல்லை, நாங்கள் ஒரு டிசைன்தான் வைத்திருக்கிறோம் என்றேன். மெத்தையை மறக்காமல் எடுத்துப் போனார்கள்.

மார்ச் 13, புதன்

சேலத்திலிருந்து ஒருவர் போனில்: "நாய்க்கு எத்தன நகம்னு எண்ணிச் சொல்லுங்க, ராசி பாக்கணும்." வைத்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

எங்கள் ஆபீஸ் தபால்காரர் சின்னராஜ் சொல்லி ஒரு அம்மா வந்தார். பேர் சகாயமேரி, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவர், பொம்மிடியில் தனியாக இருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவே இல்லை. முட்டி வலி, ரேஷன் அரிசி, மருமகள், எல்லாம் பேசினார். நாயைப் பார்க்க வந்தவர் நாயைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். "எங்க வூட்டுப் பக்கத்துலயே ரயிலு" என்று பெருமை வேறு. ரயிலாம்! பட்டாசு வெடித்தாலே இரண்டு நாள் சாப்பிடாதவள் இவள்.

டீ குடிக்க வந்தவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

அந்த அம்மா இன்றும் வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். அதே சேர், அதே மருமகள். கறுப்பி மெதுவாக வந்து அவர் செருப்பை முகர்ந்தாள். அவர் குனியவே இல்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

சோறு வைக்கிறேன் என்று தட்டை வாங்கினவர், தரையில் நின்றபடியே மாடிப்படியின் நாலாவது படியில் வைத்தார். கீழே வையுங்கள் அக்கா என்றேன்.

"முட்டி ரெண்டும் ஆபரேசன் பண்ணுனதும்மா. குனிஞ்சா யாரு தூக்கிவுடறது?"

கறுப்பி படியேறிப் போய், அவர் பக்கத்தில் நிற்கும்போதே தின்றாள்.

"நீ குனியறப்பல்லாம் அது சொவத்தோட ஒட்டிக்குதே, பாக்கலியா? கல்லு எடுக்கறேன்னு நெனைக்குதும்மா."

மார்ச் 25, திங்கள்

ஆபீசில் இரண்டு ரசீது தப்பாகப் போட்டேன்.

நான் உள்ளே போனபிறகுதான் அவள் சாப்பிடுவாள். கூச்ச சுபாவம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சியப்பனைத் திட்டி எழுதின இதே கைதான் மூன்று மாதமாக வேளாவேளைக்குக் குனிந்து தட்டு வைத்தது. என்னை என்ன சொல்லித் திட்டுவது? நாயைப் புரிந்துகொண்ட ஒரே ஆளாம் நான். தூ!

மார்ச் 30, சனி

சின்னராஜின் தம்பி ஆட்டோவில் கறுப்பியோடு பொம்மிடி. வழியெல்லாம் நடுங்கினாள். சகாயமேரி அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

சந்திரமோகன் கேட்டில் நின்று "பாவம், போயிருச்சுங்களா?" என்கிறார். பாவமாம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அவள் பழகட்டும், நாலு வாரம் வராதே என்று அக்கா சொல்லியிருந்தார். இன்று பிஸ்கட் வாங்கிக்கொண்டு பொம்மிடி போனேன். கறுப்பி என் மேலே தாவுவாள், அழுவாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனது உண்மை.

அக்கா சேரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சேருக்குக் கீழே கறுப்பி நாலு காலையும் மேலே தூக்கி, வயிறு தெரிய மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் ஒரு நாள்கூட அவள் அப்படிப் படுத்ததில்லை. ரயில் போனது, தரையே அதிர்ந்தது. ஒரு காது மட்டும் ஆடியது.

"எழுப்பட்டுமாம்மா?"

வேண்டாம் என்றேன். பொறாமையாக இருந்தது. பிஸ்கட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.