எல்லோருக்கும் எழுதிய ஒரே வரி

வெள்ளி இரவு

இன்று உயர்தர வகுப்பின் கடைசி நாள். ஆளாளுக்கு ஓட்டோகிராப் கொப்பியை நீட்டினார்கள். முப்பத்தொரு கொப்பி. கை ஓய்ந்துபோய் எல்லாவற்றிலும் ஒரே வரியை எழுதினேன்: "கம்பஸில் சந்திப்போம்." சுதாவின் கொப்பியிலும் அதையே எழுதிவிட்டேன்.

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதினையை அவள் எழுதப்போவதில்லை. அடுத்த கிழமை கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போகிறாள். அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

வாசித்துவிட்டு, "எனக்கும் இதத்தானா புள்ள எழுதின?" என்று கேட்டாள்.

"ஐயோ, மறந்திட்டன்" என்றேன். அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தாள். கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டாள். ஆரையம்பதியில் நான் இறங்க, அவள் தேற்றாத்தீவுக்குப் போனாள். ஆறு வருடமாகக் காலையில் அங்கே ஏறி எனக்கும் இடம் பிடித்து வருபவள் அவள்.

அவளுக்கு அடிக்க மூன்று தரம் போனை எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போதுதான் என் கொப்பியைத் திறந்தேன். அவள் காலையிலேயே எழுதித் தந்திருக்கிறாள்:

"சோதினையன்று பஸ்ஸில் உனக்கு இடம் பிடிக்க நான் இருக்கமாட்டேன். நேரத்துக்கு எழும்பு. முந்தின பஸ்ஸில் போ."