தகரக் கூரை பாட்டின் கடைசியில் ஒரு குரல்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே மழை. பனிமூட்டம் தேயிலை பேக்டரி வாசல் வரை வந்து நின்றது. இரண்டாம் ரோலருக்குப் பேரிங் மாற்றினேன். கையெல்லாம் கிரீஸ், இந்தப் பக்கத்திலும் கொஞ்சம்.

காது மெஷினோடு முதல் வேலை நாள். "எந்தச் சத்தம் வருது, எது வரலன்னு எழுதி வைங்க அங்கிள்" என்றாள் ஈப்போவில் மெஷின் மாட்டிவிட்ட பெண். சனிக்கிழமை திரும்பப் போக வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாமாம்.

வருவது: குழாய்த் தண்ணீர். பிளாஸ்டிக் பை. பெண்டாட்டி சரோஜாவின் குரல் (குசினியில் சமைக்கும்போது, கதவு சாத்தியிருந்தாலும்). என் வாய்க்குள் முறுக்கு உடைவது, மலையில் பாறைக்கு வெடி வைத்தது போல.

வராதது: நாலாம் நம்பர் லயம் குழுவின் பாட்டு.

வருகிறது, ஆனால் பாட்டாக இல்லை. பிஸ்கட் டின்னுக்குள் நாலு பேரையும் போட்டு மூடிய மாதிரி. கித்தார் கொசுவாகிவிட்டது. இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அறுபதைத் தொடப்போகிற பேக்டரி பிட்டர், முன்மண்டை வழுக்கை, கேட்பது கித்தார் அலறும் ராக் பாட்டு. சாமி பாட்டு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சாமி கோபித்துக்கொள்ளும்.

"தகரக் கூரை" பாட்டை மட்டும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பயம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கம்போங் ராஜாவில் போல்ட் வாங்கப் போனேன். பாய் கடையில் ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ. பின்மேசையில் யாரோ: "கோசு விலைய கேட்டியா? தூக்கி ஆத்துல போட்டுடலாம்லா." மெஷினுக்கு நன்றி. பிறர் கவலை எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

பாய் எப்போதும்போல சினிமா பாட்டு. "நம்ம லயத்துப் பசங்க பாட்டு ஒன்னு போடுங்க பாய்" என்றேன். "அண்ணே, நான் யாவாரம் பண்ணணுமா வேணாமா?"

அவர்கள் கதை என்றைக்கும் அதுதான். பேராக் தோட்டத்துப் பையன்கள் நாலு பேர், தாங்கள் பிறந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின், நம்பரையே பேராக வைத்துக்கொண்டவர்கள். இரண்டு கேசட், ஒரு சிடி, அவ்வளவுதான். தாப்பாவில் ஒரு மண்டபத்தில் வாசித்தபோது போயிருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே கூட்டம் சினிமா பாட்டு கேட்டுக் கத்தியது. அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு "பஸ் போயிடுச்சு" வாசித்தார்கள். ரோலருக்குள் கல் விழுந்த மாதிரி டிரம்ஸ்! பஸ்ஸைத் தவறவிட்டவன் நடந்தே போவதைப் பற்றிய பாட்டு, அழுகையே கிடையாது, கடைசியில் பஸ்ஸை முந்தியே விடுவான். நான் ஒருத்தன் எழுந்து நின்று கைதட்டினேன். பாடுகிறவன் என்னைப் பார்த்தான். வெளியே போகும் வழியைத் தேடியிருக்கலாம். நான் தலையாட்டி வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

வெயில், கொஞ்ச நேரம். சரோஜா கொழுந்துக்காட்டுக்குப் போன பிறகு ஒரு சோதனை. ரோலர் பேரிங் சரியில்லையா என்று பார்க்க நீள ஸ்குரு டிரைவரின் முனையை ரோலர் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றுவோம். உள்ளே என்ன நடக்கிறதோ மண்டைக்குள் வரும். ஸ்பீக்கருக்கும் அதே வைத்தியம் பார்த்தால் என்ன?

"துண்டு வெயில்" போட்டேன். முதலில் பேஸ் கித்தார் மட்டும் தனியாக நடந்து வரும். வந்தது! டும். டும்-டும். காது மெஷின் தின்றுவிட்ட பேஸ் முழுக்கவும் எலும்பு வழியாக. பல்லில் கடித்தால் இன்னும் நன்றாக இருந்தது.

மகள் மாலினி கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கவே மாட்டாள். தாலாட்டு எனக்குத் தெரியாது. இந்த பேஸை வாயால் வாசித்துத் தோளில் தட்டுவேன். தூங்கிவிடுவாள். இப்போது ஈப்போவில் நர்ஸ், பிள்ளைகள் வார்டு. அழுகிற குழந்தைகளுக்கு அதையே முனகுகிறாளாம். லயத்துப் பசங்களுக்கு இது தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள். எங்கே இருக்கிறார்களோ.

கண்ணைத் திறந்தால் சரோஜா. குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"என்னாங்க இது?"

வாயில் ஸ்குரு டிரைவர்.

நவம்பர் 6, வியாழன்

மழை, காற்று. கரண்ட் போய் வந்தது. ஸ்குரு டிரைவரைக் காணோம், சரோஜா எடுத்து வைத்துவிட்டாள்.

"தகரக் கூரை" பற்றி எழுதிவிடுகிறேன், மனசு பாரம் இறங்கட்டும்.

அவர்கள் செய்ததில் அதுதான் உச்சம். மழையில் ஆரம்பிக்கும், உண்மை மழை, லயத்துக் கூரையில் பிடித்தது. அம்மா செத்த வாரம் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ. ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது அதில். ஒழுகுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பதைப் பற்றித்தான் பாட்டு. பாத்திரம் நிறைய நிறைய கித்தார் ஏறும். கடைசி அடி அடித்த பிறகு சிம்பல் தட்டு நெடுநேரம் இழுத்துக்கொண்டே போகும். அது அடங்குகிற இடத்தில், ரொம்ப மெதுவாக, டிரம்ஸ் அடிப்பவன் கேட்பான்: "டேய், பசியாறப் போலாமா?"

ராத்திரி முழுக்க வாசித்து விடிந்திருக்கும். வெட்ட மறந்தார்களா, மனசு வரவில்லையா, தெரியாது. உலகத்திலேயே எனக்குப் பிடித்த குரல் அது. முகம் கூட ஞாபகம் இல்லாத ஒருத்தனுடையது.

மாலினி கேசட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தபோது அந்தக் குரல் இல்லை. "வாலை வெட்டிட்டியே" என்று கத்தினேன். அவள் போனை என் காதருகே வைத்து மறுபடியும் போட்டாள். "இருக்குப்பா. எனக்குக் கேக்குதே." பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறு வாரமே ஈப்போவுக்கு இழுத்துப் போய்விட்டாள்.

மெஷின் போட்டும் வராவிட்டால், அது அவ்வளவுதான். அதனால்தான் போடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். மெஷினைத் திருப்பிக் கொடுப்பதாக முடிவு. சரோஜாவிடம் சொன்னேன்.

"நான் பேசறது கேக்குதுல்ல?"

"நல்லாவே கேக்குது."

"அதுக்குத்தான் திருப்பிக் குடுக்கறீங்களா?"



நவம்பர் 8, சனி

மலையில் பனி, கீழே ஈப்போவில் கொளுத்தும் வெயில். மாலினி கடை வாசலில் காத்திருந்தாள். உள்ளே அந்தப் பெண் கேட்டாள்: "எப்படி அங்கிள் இருக்கு?" நல்லா இருக்கும்மா, ஆனா வேணாம் என்று இழுத்தேன்.

சரோஜா குறுக்கே வந்தாள். "ஸ்குரு டிரைவர பல்லுல கடிச்சிக்கிட்டு பாட்டு கேக்குறாரும்மா. ராக்கு பாட்டு. வீட்டுல பாக்க முடியல."

தரை பிளந்து என்னை விழுங்கவில்லை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பாட்டுக்கு தனி செட்டிங் இருக்குலா அங்கிள். மொதல்லயே சொல்லக்கூடாதா? இப்ப வச்சிருக்கறது பேச்சு கேக்கறதுக்கு." கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினாள். "ஒரு பாட்டு போடுங்க, பாப்போம்."

மாலினி போனில் "பஸ் போயிடுச்சு." கித்தார் கொசு இல்லை. கித்தார்! வரிசையில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் ஒருத்தரின் கைத்தடி தரையில் தாளம் போட்டது. நாலாம் நம்பர் லயத்துக்குப் புதிதாக ஒரு ரசிகர். மாலினி என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். டும். டும்-டும்.

திருப்பிக் கொடுக்கவில்லை. மலையேறும்போது காடி ஸ்பீக்கரில், ஓட்டிக்கொண்டே எல்லாப் பாட்டும். "தகரக் கூரை" வந்ததும் நிறுத்திவிட்டேன். சரோஜா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்குரு டிரைவர் பழைய இடத்தில் இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை இல்லை. காற்று கூட இல்லை. சரோஜா குசினியில், தோசை வாசனை. கதவைச் சாத்திக்கொண்டு "தகரக் கூரை" போட்டேன்.

மழை. பாத்திரங்கள். கித்தார் ஏறி, ஏறி, கடைசி அடி. சிம்பல் இழுத்துக்கொண்டு போனது. மெலிந்தது. நூலானது. இல்லை. ஒன்றுமில்லை. கை நிறுத்தப் போய்விட்டது.

"டேய், பசியாறப் போலாமா?"

"போலாம்டா" என்றேன், சத்தமாக.

குசினியிலிருந்து சரோஜா: "யாருகிட்ட பேசறீங்க? தோச ஆறுது."