மலையைத் தலைகீழாக மாட்டிய கதை

உ

அல் கூஸ், துபாய்

அன்பு உமாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் விட்டதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இப்போது எனக்குக் கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டும் டூட்டி. ஜப்பானிலிருந்து சட்டம் போட்ட கவிதைத் தாள் ஒன்று வந்தது. கொஞ்சம் எழுத்து, மைத் தீற்றலாக ஒரு மலை (மலை என்றே அப்போது தெரியவில்லை), ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு முத்திரை. அதைப் பிள்ளையார் சுழி என்று நினைத்து, அது மேலே வரும்படி மாட்டிவிட்டேன். மலை தலைகீழாகத் தொங்கியது!

வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆனால் அதைக் கொண்டுவந்த ஜப்பான்கார அம்மா சிரித்துவிட்டார், புண்ணியவதி. ஆங்கிலம் தெரிந்த நம் கீழக்கரை ஆகில் அவரிடம் கேட்டுச் சொன்னான்: "அது எழுதினவரோட முத்திரைண்ணே, கடைசியிலதான் குத்துவாங்களாம். அந்த மலையடியில உக்காந்தே எழுதினாராம். 'மலையில் மழை. உன் குடை என்னிடம்.' இவ்வளவுதான் கவிதை."

எனக்கு உன் போன வாரச் செய்தி நினைவுக்கு வந்தது. "முருங்கை பூத்துருச்சு. உங்க செருப்பு வாசல்லதான் கெடக்கு." ரெண்டே வரியா என்று கோபித்தேனே, மன்னித்துவிடு. அப்படி எழுதியதற்கு நன்றி உமா.

லீவு முடிந்து வரும் அன்பரசனிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு ரெண்டு வரி காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்பு. கடைசியில் குங்குமம் தொட்டு விரலைப் பதி. கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொள்கிறேன், இந்த முறை நேராக.

வேன் வந்துவிட்டது.

உன்
பாலகுரு