கறுப்பிக்குத் தெரிந்த மொழி

செப்டம்பர் 14, ஞாயிறு.

யூனியன்வில்லில் இருக்கும் ரவி அண்ணையின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நிற்கட்டும்.

பிள்ளைகள் கன்றை நடத்திக் காட்டும் போட்டியில் மகள் நிலா சேரவென்று, மார்ச்சில் இங்கே கனடாவில் பால்பண்ணையொன்றில் மலிவாகக் கறுப்பி என்ற கன்றை வாங்கினேன். வம்சப் பத்திரம் கிடையாது. அண்ணை நிலாவும் கேட்க, எல்லோர் முன்னாலும், "உது இறைச்சிக்குப் போற கண்டெல்லோ, தங்கச்சி" என்றார்.

அவர் தன் மகனுக்கு விலைகூடிய கன்று வாங்கி, அதைப் பழக்க ஆளும் வைத்தார். நான் வாடகைக்குப் பதிலாகப் பண்ணையில் சாணி அள்ளித்தான் கறுப்பிக்கு இடம் பிடித்தேன். நடக்கப் பழக்கியதும் நானே, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "வா மோனை" என்று சொல்லிச் சொல்லி.

இன்று போட்டி நடுவில், பிள்ளைகளின் கைப்பழக்கத்தைப் பார்க்க, கன்றுகளை மாற்றிப் பிடிக்கச் சொன்னார் நடுவர். அண்ணையின் கன்று நிலாவோடு சாதுவாக நடந்தது. அவருடைய மகன் கறுப்பியை இழுத்து, "கம் ஆன், வாக்" என்றான். அவள் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அண்ணை வேலியோரம் என்னிடம் ஓடி வந்தார். "என்ன சொன்னா நடக்கும், தங்கச்சி?"

"வா மோனை எண்டு கூப்பிடச் சொல்லுங்கோ."

மகனுக்குத் தமிழ் வராது என்று கோயிலில் பெருமை பேசுகிறவர் அவர். வேறு வழியில்லாமல் அத்தனை பேர் நடுவிலும் தானே கம்பியில் சாய்ந்து கூப்பிட்டார். இறைச்சிக்குப் போகிற கன்றை, மோனை என்று.

மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் கறுப்பி காலை எடுத்து வைத்தாள்.