இந்த வாரம் கேளுங்கள்

12.6.1972, திங்கள்

கடையைத் திறந்ததும் முதல் ஆள். "அம்மிணி, நல்ல பிளேட்டா ஒண்ணு குடுங்க."

எந்த மாதிரி நல்லது என்று கேட்டேன். "நல்லதுன்னா நல்லதுதானுங்க." துக்கத்தில் கேட்க நல்லதா, கல்யாண வீட்டுக்கா, மழை நாளில் சும்மா படுத்துக் கிடக்கவா? கடைசியில் அட்டையில் சிவப்புச் சேலை நடிகை இருக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். பனியன் வாங்குகிறவன்கூட உள்ளே கையை விட்டு நூலைப் பார்க்கிறான். இசைத்தட்டுக்கு மட்டும் அட்டை போதும் இந்த ஊருக்கு.

அப்பா போன வருஷம் இறந்ததிலிருந்து கடையில் நான்தான். இந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு நான் சொல்வதை விட்டுவிட்டு வேறெதையோ வாங்கியிருப்பார்கள்! தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இனி வாயால் சொல்லப் போவதில்லை. வாசலில் ஒரு கரும்பலகை. வாரம் ஒரு தட்டு, எனக்குப் பிடித்தது மட்டும். ஏன் கேட்க வேண்டும் என்று நாலு வரி. படிக்கிறவன் படிக்கட்டும்.

17.6.1972, சனி

பலகை மாட்டியாகிவிட்டது. மேலே கொட்டை எழுத்தில் 'இந்த வாரம் கேளுங்கள்'. கீழே எழுதியது:

'புல்லாங்குழல், எல்.பி. தட்டு. வெயில் தாழ்ந்த பிறகு போடவும். ஆற்றங்கரையில் ஒரு ஆள் தனியாக நடந்து போகிற மாதிரி தொடங்கும். பாதியில் இன்னொருவர் வந்து சேர்ந்துகொண்ட மாதிரி இருக்கும். வாசிப்பது கடைசி வரை ஒரே ஆள்தான்.'

தம்பி வேலுமணி பார்த்துவிட்டு, "பாட்டுப் பேரும் வெலையும் எழுதுனாப் போதாதுங்களா அக்கா? கதை எதுக்குங்க?" என்றான். பனியன் கம்பெனியில் மேனேஜர் வேலை. டஜன் கணக்கு தவிர எதுவும் அவன் கண்ணில் படாது.

24.6.1972

பலகையைப் பார்த்து வாங்கியது ஒரே ஒருத்தர். நொய்யல் ஆற்றுப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கிறாராம், ஆத்தப்பன் என்று பேர். முழங்கை வரை நீலம். "எழுதியிருக்கறதக் குடுங்க" என்றார். "கை சாயமா இருக்குதுங்க, நீங்களே பையில போட்டுருங்க" என்று தள்ளி நின்றுகொண்டார்.

1.7.1972, சனி

ஆத்தப்பன் வந்தார். முகத்தில் மனக்குறை.

"பாட்டே இல்லீங்களே. எப்ப பாட ஆரம்பிப்பாங்கன்னு ரெண்டு பக்கமும் காத்திருந்தனுங்க."

"புல்லாங்குழல்னு பலகையிலயே எழுதியிருந்தேனுங்களே."

"எழுதியிருந்தீங்க. ஆத்தங்கரையில நடக்கறாப்பலன்னும் எழுதியிருந்தீங்க. எனக்கு ஒரு காலடியும் கேக்கலீங்க."

திருப்பிக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றேன். "வேண்டாமுங்க. வாங்குனது வாங்குனதுதான்." இந்த வாரத்து ஷெனாய்த் தட்டையும் வாங்கிக்கொண்டு போனார். என்ன மனுஷர் இவர்?

8.7.1972

ஷெனாயும் சரியில்லையாம். "யாரோ ஊட்ல கல்யாணம் நடக்குது, நம்மளக் கூப்புடலங்கறாப்பல இருக்குதுங்க."

இது தட்டின் குறையா?

22.7.1972

மேல்நாட்டுக்காரர்களின் பெரிய வாத்தியக் கோஷ்டி தட்டு ஒன்று சென்னையிலிருந்து வரவழைத்தது. எனக்கு அது உயிர். பலகையில் பார்த்துப் பார்த்து எழுதினேன்: 'முதல் முறை புரியாது. இரண்டாம் முறை கோபம் வரும். மூன்றாம் முறை, இது முடிந்துவிடக் கூடாதே என்று இருக்கும்.' விற்றது ஒன்று. வாங்கியது யார் என்று எழுத வேண்டியதில்லை. இன்று தீர்ப்பு வந்தது.

"ஏனுங்க, ஒருத்தர் வாசிச்சு முடிக்கற வரைக்கும் இன்னொருத்தருக்குப் பொறுக்காதுங்களா?"

எத்தனை முறை கேட்டீர்கள் என்றேன். மூன்று முறையாம். மூன்று முறையும் கோபம்தான் வந்ததாம்.

மத்தியானம் வேலுமணி காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவரோடு வந்தான். அந்த ஆள் தட்டுகளைப் பார்க்கவில்லை. கூரையையும் சுவரையும் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டால், "சும்மாத்தானுங்க" என்கிறான்.

1.8.1972, செவ்வாய்

கோபம் இன்னும் தீரவில்லை. எழுதிவிட்டால் அடங்கும்.

இந்த வாரம் பலகையில் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தட்டு. ஆர்மோனியம், நாலைந்து பெண் குரல்கள், வேறு ஒன்றுமில்லை. 'நம்ம வீட்டுப் பெண்கள் வேலை முடிந்து உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும்' என்று எழுதியிருந்தேன். கிருத்திகை விழாக் கமிட்டி அய்யாசாமி முருகன் பாட்டுத் தட்டு வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நாளன்னிக்கு ஆடிக் கிருத்திகை. இப்பப் போயி ஏசு பாட்டா அம்மிணி?"

முருகன் தட்டு உள்ளே ஒரு அலமாரி நிறைய இருக்கிறது, எடுத்துத் தருகிறேன், போன மாசம் பலகையில் அதையும் எழுதினேன் என்றேன். தட்டை வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது கூட வந்தவரிடம், எனக்குக் கேட்க வேண்டும் என்றே: "தாலியறுத்தவளக் கடையில உக்கார வெச்சா இப்பிடித்தான்."

ஊட்டுக்காரர் செத்து ஆறு வருஷமாச்சு. பஸ் கவுந்துச்சு, நானா கவுத்தேன்? ஆறு வருஷமா ஒருத்தர் ஊட்டு நல்லதுக்கும் முன்னால போயி நிக்காம, அப்பா கடையே கதின்னு கெடக்கறேன். அதுலயும் உக்காரக் கூடாதுன்னா எங்க போயி உக்காரச் சொல்றாங்க?

ஆத்தப்பன் அப்போதுதான் வந்து படியில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அந்த ஏசு பாட்டுப் பிளேட்டு ஒண்ணு குடுங்க" என்றார். அய்யாசாமி திரும்பி முறைத்தார். இவர், "பாட்டுத்தானுங்க வாங்கறேன், வேற ஒண்ணுமில்லீங்க" என்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

எனக்கு இவர் மேலும் எரிச்சல்தான் வந்தது. யார் கேட்டார்கள் இவரை?

8.8.1972

கீர்த்தனை நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் பட்டறை நாய் கூடவே ஊளையிடுகிறதாம்.

19.8.1972, சனி

இன்று பொறுமை போய்விட்டது. சினிமாப் பாட்டுத் தொகுப்பு ஒன்று எழுதியிருந்தேன். இதையாவது பிடித்திருக்கிறது என்பார் என்று நினைத்தேன். "எல்லாப் பாட்டும் கேட்டதுதானுங்களே" என்றார்.

கேட்டே விட்டேன். "ஒண்ணும் புடிக்கலீன்னா எதுக்குங்க வாராவாரம் வர்றீங்க? எதுக்கு வாங்கறீங்க? எனக்குத் தெரிஞ்ச நல்ல தட்டையெல்லாம் சொல்லியாச்சு. இனிச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல."

பலகையை மேலிருந்து கீழ் வரை இன்னொரு முறை படித்தார்.

"நீங்க எழுதறது ரொம்ப நல்லாருக்குதுங்க. பிளேட்டுத்தான் அந்தளவுக்கு இல்லீங்க."

சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

20.8.1972

பிளேட்டுதான் அந்தளவுக்கு இல்லையாம்!

26.8.1972

பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாகக் காலை முழுதும் போயிற்று. வீணைத் தட்டு. முன்னெல்லாம் கை தானாக எழுதும். இப்போது ஒவ்வொரு வரிக்கும், இது தட்டைவிடப் பெரிதாகச் சொல்கிறதோ என்று ஒரு சந்தேகம். 'வீணை. நன்றாக இருக்கும்' என்று மட்டும் எழுதினேன். ஆத்தப்பன் படித்துவிட்டு ஏமாந்துபோய் நின்றார். நிற்கட்டும்.

9.9.1972, சனி

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வேலுமணியும் ஒரு ஆசாரியும் கடைக்குள் டேப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

"தீபாவளிக்கு அப்பறம் இங்க பனியன் கடை போட்டர்லாமுங்க அக்கா. காதர்பேட்டையில எடமே கெடைக்கறதில்ல. வடக்கத்தி வியாபாரிங்க எறங்கறதே நம்ம வாசல்லதானுங்க."

எங்கிட்ட ஒரு வார்த்தை? கேட்டேன். "கேட்டா வேண்டாம்பீங்க." அதனால் கேட்கவில்லையாம். கத்தினேன். அவனும் கத்தினான். ரெண்டு பொண்ணுகளை வைத்திருக்கிறான், இன்னொருத்தர் கம்பெனியில் எத்தனை நாள் மேனேஜராகவே இருப்பது என்றான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடை அப்பா பேரில் இருந்தது, இப்போது அவன் பேரில். அதுவும் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் இவ்வளவு கோபம்.

அப்ப நான்? "நீங்க ஊட்ல நிம்மதியா இருங்க அக்கா." நிம்மதியா! ரேடியோவைத் திருகிக்கிட்டு, கருவேப்பிலை ஆய்ஞ்சுக்கிட்டு.

17.9.1972, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது?

பத்து மணிக்கு வீட்டுக்கு ஒரு அம்மா வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. ஆத்தப்பனுக்கு அக்காவாம், பேர் ரங்காத்தாள். தம்பி சம்சாரம் பிரசவத்தில் போய் நாலு வருஷமாகிறது, குழந்தையும் தங்கவில்லை, நான்தான் சோறாக்கிப் போடுகிறேன் என்றார். சுற்றி வளைக்காமல் என் தம்பி மனைவி செல்லாத்தாளிடம், "உங்க நங்கையாள எங்க தம்பிக்குக் கேக்க வந்தனுங்க" என்றார்.

நங்கையா என்றால் புருஷனுக்கு அக்கா, நான்தான். அடுப்படியில் கையில் கரண்டியோடு.

வேலுமணி எழுந்து திண்டாடினான். "அறுத்துக்கட்டற வழக்கமெல்லாம் எங்க ஊட்ல இல்லீங்க" என்றான். அந்த அம்மா அசையவில்லை. "எங்க ஊட்லயும் இல்லீங்க சாமி. அவன்தான் கேக்கச் சொன்னான். அவன் வாய தொறந்து ஒண்ணு கேட்டே நாலு வருஷமாச்சுங்க."

பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

18.9.1972

வீட்டில் புயல். "பிளேட்டு விக்கறேன் பிளேட்டு விக்கறேன்னு, கடைசில இதுக்குத்தானா?" என்கிறான் தம்பி. நான் என்ன செய்தேன்? புல்லாங்குழலைப் பற்றி நாலு வரி எழுதினேன்.

இதுவரை எனக்காக ஒரு வார்த்தை பேசாத செல்லாத்தாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "கடையையும் எடுத்துக்குவீங்க, வந்த மனுசனையும் தொரத்துவீங்க. நங்கையாளுக்கு என்னதான் குடுக்கறதா இருக்கறீங்க?"

வேலுமணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

23.9.1972, சனி

பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஆத்தப்பன் வந்தார். வெற்றுப் பலகையையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். கையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார், அப்படியும் நகக்கண்ணில் நீலம்.

"அக்காவ எதுக்குங்க அனுப்புனீங்க? வாராவாரம் வந்து நிக்கறீங்க. இத்தனை குறை சொல்லத் தெரியுது, இத நீங்களே கேக்கத் தெரியாதா?"

"கேட்டு, நீங்க இல்லைன்னுட்டா அப்பறம் நான் எப்பிடிங்க கடைக்கு வர்றது?"

அவ்வளவுதான் சொன்னார். யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிங்க" என்றார். பிறகு, "வீணை நல்லாருக்கும்னு எழுதியிருந்தீங்களே, ரெண்டு தந்திக்கு நடுவுல தூக்கம் வந்துருதுங்க" என்றார்.

இந்த நேரத்திலுமா!

2.10.1972

யோசிக்கிறேன் என்று சொன்னேனே தவிர, யோசனை வரவில்லை. கோபம்தான் வருகிறது. கடை போகிறதே என்று பயந்து ஒரு கல்யாணமா? ஊர் அப்படித்தான் சொல்லும். சரி, கடை போகாமல் இருந்திருந்தால்? சனிக்கிழமைகளில் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைப் பொய் என்று எழுத முடியுமா? இது நான் மட்டும் படிக்கிற ஏடு.

முதல் கல்யாணத்தில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் மூன்று வருஷத்தில் எனக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும். எதுவும் இவருக்குப் பிடிக்காது. எது தேவலை?

7.10.1972, சனி

சரி என்று சொல்லிவிட்டேன். "சரீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

5.12.1972

கடைக்குள் பனியன் மூட்டைகள். கிடங்கு வாசம் வந்துவிட்டது. தட்டுகளை ஆத்தப்பன் வீட்டு முன்னறைக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். அடியில் வைக்கோல் போட்டும் இரண்டு உடைந்தன. வண்டிக்காரரைத் திட்டினேன். அழுகை வேறு விஷயத்துக்கு.

28.1.1973, ஞாயிறு

சிவன்மலையில் கல்யாணம் முடிந்தது. ஆள் அதிகமில்லை. வேலுமணி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். செல்லாத்தாளும் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்தார்கள். தாலி கட்டுகிற நேரத்துக்கு அவனும் மூச்சு வாங்கப் படியேறி வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். இறங்கும்போது என் செருப்பைத் தேடி எடுத்து வைத்தது அவன்தான்.

18.3.1973, ஞாயிறு

முன்னறைக் கடைக்கு வருகிறவர்கள் குறைவு. சர்ச் உபதேசியார் ஒருவர் வருகிறார், பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வருகிறாள், மூலனூர் சந்தைக்காரர் ஒருவர் மாசத்துக்கு ஒருதரம். பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. இருக்கிறபோது பட்டறையில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் சத்தம். ரங்காத்தாள் நங்கையா, எதைப் போட்டாலும் "இது பழசா புதுசா?" என்று கேட்கிறார். புதுசு என்றால் தலையாட்டுகிறார், பழசு என்றாலும் தலையாட்டுகிறார். எழுதி மாளாது.

இன்று ஆத்தப்பன் கோயமுத்தூர் போய்வந்தார், சாயப் பவுடர் வாங்க. வரும்போது கக்கத்தில் ஒரு பிளேட்டு. என்னைக் கேட்காமல் வாங்கியிருக்கிறார். சட்டையில் ஒரு சொட்டுச் சாயம் இல்லை, அதற்கென்றே மாற்றிக்கொண்டு போனாராம்.

"இது நான் உங்களுக்குச் சொல்ற பிளேட்டுங்க. கேட்டுப் பாருங்க, நல்லாருக்கும்."

மவுத் ஆர்கன். கூடவே யாரோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஒரு தாளம். நடுநடுவே ஒரு ஆள் விசிலடிக்கிறார், சுருதி அரைக் கட்டை தள்ளி. என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான தட்டு என் பாட்டுப்பெட்டியில் சுற்றியதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, திருப்பிப் போடுங்கள், அந்தப் பக்கமும் கேட்போம் என்றேன்.