இரண்டாவது பிரேக்

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்று என் முறை. பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்கான மீத்திறன் வகுப்பு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. பள்ளிப் பேருந்து அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அதனால் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து, பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போய் வர முறை போட்டுக்கொண்டோம்: திங்களும் புதனும் பல் டாக்டர், செவ்வாயும் வியாழனும் நான், வெள்ளி ஆடிட்டர். டாக்டரின் மகனுக்குக் காருக்குள் பெயர் வாத்தியார், எல்லோரையும் திருத்துவான். ஆடிட்டரின் மகள் வாயாடி. அவர்கள் பின்னால், என் பாப்பா முன்னால்.

என்னுடையது ஓட்டுநர் பயிற்சிக் கார். பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர் எங்காவது முட்டப் போனால் நான் மிதிப்பதற்கு. முறை நாட்களில் அங்கே பாப்பா. பத்து வயது, சொன்ன பேச்சைத் தட்டாதவள். காலை மடக்கிக்கொண்டுதான் உட்காருவாள்.

"ஆன்ட்டி, இண்டிகேட்டரை ரொம்ப சீக்கிரம் போடறீங்க" என்றான் வாத்தியார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான்! சிரித்துச் சிரித்து மூன்றுக்கும் புரையேறியது. பாப்பா இந்த வகுப்பில் நிலைத்துவிட வேண்டும். வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

செப்டம்பர் 21, வியாழன்

பின்னால் ஏதோ புராஜெக்ட் பற்றிப் பேச்சு. "உன் குரூப்ல யாரு பாப்பா?" என்று கேட்டேன். "இன்னும் போடலைம்மா." பின்னால் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. ஏன்?

அக்டோபர் 10, செவ்வாய்



பள்ளிக் கேட்டுக்கு முன்னால் வரிசையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். கார் குலுங்கி நின்றது. நான் மிதிக்கவில்லை. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து பிரேக்கின் மேல் பாப்பாவின் ஷூ. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"காலை எடு பாப்பா."

"மாட்டேன். நான் இறங்க மாட்டேன்."

வாயாடிக்கே வாயடைத்துப் போயிற்று. இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. காரை ஓரம் கட்டிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"கார்லதாம்மா அவங்க என் ஃப்ரெண்ட்ஸ். கேட்டுக்குள்ள போனா தெரியாத மாதிரி போயிடுவாங்க. என்னைச் சேர்த்துக்கிட்டா குரூப்புக்கு மார்க் குறையுமாம்."

குறையுமாமே! என் கார்ல ஏறி, என் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து சிரிச்சுட்டு, இறங்கினதும் இவளைத் தெரியாதா? ச்சே, பத்து வயசுப் பிள்ளைங்க. யாரைன்னு திட்டுறது?

அதற்குப் பிறகும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வகுப்பில் விட்டுவிட்டுத்தான் வந்தேன். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அக்டோபர் 12, வியாழன்

டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "பசங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். நாம தலையிடக் கூடாது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன் — பல் டாக்டர் முன்னாலேயே.

அக்டோபர் 26, வியாழன்

டீச்சர் வரச் சொல்லியிருந்தார். "ரொம்ப நல்ல பொண்ணு" என்று ஆரம்பித்தார். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "ஆனா இங்க அவளுக்கு மூச்சு முட்டுது. பழைய ஸ்கூல்லயே படிக்கட்டுமே." தலையை ஆட்டினேன். நன்றி என்றுகூடச் சொன்னேன் போலிருக்கிறது. எதற்கு நன்றி?

பாப்பாவிடம் காரில் வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்போ இனிமே எல்லாரும் சேர்ந்து கார்ல போக மாட்டோமா?" என்று கேட்டாள். வகுப்பு போனதற்கு அவள் அழவில்லை. கார் போனதற்கு அழுதாள்.

அக்டோபர் 30, திங்கள்

ஆடிட்டர் போன். "உங்க முறையை வேற ஒரு பையனோட அப்பா எடுத்துக்கறேன்னுட்டார். நீங்க வீணா அலைய வேண்டாம், பாருங்க." எனக்கு நல்லது செய்கிறாராம். இந்த வருடம் முடிகிறவரை ஓட்டுகிறேன் என்று சொல்லத்தான் நானே போனை எடுக்க இருந்தேன். பாப்பா இல்லாவிட்டாலும் ஓட்டியிருப்பேன். பைத்தியக்காரி.

நவம்பர் 7, செவ்வாய்

பழைய பள்ளிக்கு நடந்தே போகிறாள். நாலு தெருதான். "நல்லா இருக்கா?" "ம்."

நவம்பர் 15, புதன்

மாலையில் ஒரு தையல்காரம்மாவுக்குப் பாடம். புதிதாகச் சேர்ந்தவர், ஸ்டியரிங்கை விட்டால் ஓடிப்போய்விடும் என்று பிடித்துக்கொண்டிருந்தார். பெரிய சிக்னலில் நின்றபோது பக்கத்தில் டாக்டரின் கார். பின் ஜன்னலில் வாத்தியார். என்னைப் பார்த்ததும் கண் விரிய, வெளியே கையை நீட்டி ஆட்டினான். கோபம் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். கை தானாக உயர்ந்துவிட்டது. அதற்குள் பச்சை விழுந்தது.

"கையைத் தூக்கினீங்களே, போகக் கூடாதா மேடம்?" என்றார் தையல்காரம்மா.

"உங்களுக்கு இல்லைம்மா. போங்க."

சாப்பிடும்போது பாப்பா கேட்டாள், "இன்னிக்கு அவங்களைப் பார்த்தியாம்மா?" தினமும் கேட்கிறாள். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"இல்லையே."

"பொய். சிக்னல்ல பார்த்தே. ஸ்கூல் விட்டு வர்றப்ப நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். உனக்குக் கை காட்டினான்."

"உன்னைப் பார்த்திருக்க மாட்டான்டா" என்றேன்.

"பார்த்தாம்மா. பார்த்துட்டுத்தான் கண்ணாடியை ஏத்தினான்."